யாரும் தொடாத கோட்டு

எஸ்தரின் அலமாரியில் தொங்கியவை எல்லாம் கறுப்பு உடைகள். அவற்றுள் விலை அதிகமானது, பெயர்பெற்ற டிசைனர் ஒருவர் தைத்த கம்பளிக் கோட்டு. ஓரத்தில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரே ஒரு பருத்திக் குர்த்தாவும் இருந்தது.

"வெளுத்துப்போன உன்னைப் பக்கத்தில வச்சிருக்கிறதே எங்களுக்கு அவமானம்," என்று கோட்டு அதைச் சீண்டும்.

"என்ன செய்ய? நான்தான் அவளுக்குச் சுகமா இருக்கேன். உன்னைப் பார்த்தாலே அவளுக்கு வேர்க்குதாம்," என்று குர்த்தா சொல்லும். மறுநாளும் அதுதான் வெளியே போகும்.

ஒருநாள் அந்துப்பூச்சி ஒன்று குர்த்தாவில் வந்து உட்கார்ந்தது. எஸ்தர் குர்த்தாவை எடுத்து உதறியதும் பதறிப் பறந்தது.

"இங்கே வாங்க," என்று கோட்டு பெருமையோடு கூப்பிட்டது. "என்னை யாரும் தொடக்கூட மாட்டாங்க."

"ஒருநாள்கூடவா?"

"வாங்கின நாளிலிருந்தே இல்லை."

"அப்படின்னா பிள்ளைகுட்டியோட இங்கேயே தங்கிடறேன்," என்றது பூச்சி.

ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தபோது, எஸ்தர் ஆசையாகக் கோட்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். தோளிலும் கையிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"ஐயோ, ஒருதடவைகூடப் போடலையே!" என்றாள்.

குர்த்தா அப்போது மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.