வாள் கிடையாது

வட்டக்கோட்டைக்குப் பக்கத்திலேயே முத்துநாயகம் மறுபடியும் செத்துப்போனார்.

லேப்டாப் திரையில் அவர் பெயரைத் தாங்கிய குட்டி உருவம் குப்புற விழுந்து கிடந்தது. கீழே ‘பட்டினியால் இறந்தார்’ என்று எழுத்து வந்தது. அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போன தடவையும் பட்டினிதான்,” என்றாள் அஸ்வதி.

அவளுக்குப் பெங்களூரில் வேலை. ஆபீஸ் நேரம் போக, தனியாக உட்கார்ந்து அவளே செய்த கேம் இது. வட்டக்கோட்டையிலிருந்து முட்டம் வரை கடற்கரையோரமாக ஒருவர் நடந்து போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கதை.

“மக்கா, அந்தக் கல்யாண விஷயம்...” என்று இழுத்தார் முத்துநாயகம்.

“முதல்ல முட்டம் போய்ச் சேருங்க. பிறகுதான் கல்யாணப் பேச்சு.”

சாயங்காலம் அவள் ரயில் ஏறிவிடுவாள். இன்று அவள் வாயிலிருந்து ஒரு சம்மதம் வராவிட்டால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும். கோட்டாறில் தன் பம்பு செட் கடையை அடைத்துவிட்டு அவர் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

வியர்த்தது. எழுந்து போய் ஃபேன் என்று நினைத்து ஒரு சுவிட்சைப் போட்டார். வாசல் லைட் எரிந்தது.

“அதுக்குப் பக்கத்து சுவிட்ச்,” என்றாள் அஸ்வதி.

திரும்ப வந்து நடக்க ஆரம்பித்தார். வழியில் ஒரு பெட்டி கிடந்தது.

“இதை உடைக்கணுமா? போன்ல விளையாடுகதைப் பாத்திருக்கேன். பெட்டியை உடைச்சா தங்கம் வரும்.”

“இங்க உடைச்சா மீன்காரம்மா சண்டைக்கு வருவாவ.”

“வாள் எங்க இருக்கு?”

“வாள் கிடையாது.”

“பின்ன எதிரி வந்தா?”

“எதிரியும் கிடையாது.”

“பின்ன நான் எதுலதான் சாகுதேன்?”

“வெக்கத்துல.”

அடுக்களையில் அஸ்வதியின் அம்மா ஓமனா சிரிப்பை அடக்குவது கேட்டது.

திரையில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ‘சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டார்கள். முத்துநாயகம் யோசிக்காமல் ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்பதை அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது. உருவம் தள்ளாடியது.

“ஏன் அதையே அமுக்குதிய?”

“கேட்ட உடனே பசிக்குன்னு சொன்னா என்ன நினைப்பாவ? ஒரு தடவை வேண்டாம்னு சொல்லணும். அவிய கையப் பிடிச்சு இழுக்கணும். அதுதான மரியாதை.”

“என் கேம்ல யாரும் கையப் பிடிச்சு இழுக்க மாட்டாவ. ஒரு தடவைதான் கேப்பாவ.”

“மரியாதை கெட்ட ஊரா இருக்கே மக்கா.”

“ஒங்களுக்கு வேண்டியதை நீங்க சொல்லாம யாருக்குத் தெரியும்?”

அடுத்த வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு ‘பசிக்கிறது’ என்பதை அழுத்தினார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. உருவம் நிமிர்ந்தது. முத்துநாயகத்துக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

மணக்குடி போவதற்குள் கூச்சம் தெளிந்து, ஒரு வீட்டில் இரண்டாம் தடவையும் கறி கேட்டு வாங்கினார்.

“கொள்ளாம், இப்ப நல்லாவே தெளிஞ்சாச்சு,” என்று மெச்சினாள் அஸ்வதி.

முட்டம் லைட்ஹவுஸ் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வீடு. வாசலில் நின்ற பெண் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

‘தனியாகவா இருக்கிறீர்கள்?’

இரண்டு பதில்கள் இருந்தன. ‘பழகிவிட்டது.’ ‘கஷ்டமாகத்தான் இருக்கிறது.’

முத்துநாயகத்தின் விரல் முதல் பதிலுக்குப் போனது. அங்கேயே நின்றது. அடுக்களையில் பாத்திரச் சத்தமும் நின்றிருந்தது.

அஸ்வதி திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டாவதை அழுத்தினார்.

அந்த வீட்டுக் கதவு திறந்தது. உருவம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனது. அஸ்வதி லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, ஒனக்கு இந்த மாப்பிள்ளை கொள்ளாம்.”