பீரங்கிக்கு அபிஷேகம்

“ஏம்மா, மறுபடியும் குடத்தோட வந்துட்டியா?” ஓட்டல் மேனேஜர் அறிவுமதி கத்தினார்.

அந்த ஸ்ரீரங்கத்து ஓட்டல் வாசலில் இரண்டு பழைய பீரங்கிகள் வானம் பார்த்து நின்றன. வாசல் பெருக்கும் வெள்ளையம்மாளுக்கு இடப்பக்கப் பீரங்கிதான் முனி. வெள்ளிதோறும் அதன் வாயில் ஒரு குடம் காவிரித் தண்ணீர் ஊற்றுவார். பின்பக்கத் துளையில் பூக்கும் வெள்ளைப் பொடியைத் திருநீறாகப் பூசிக்கொள்வார்.

“இருபது வருஷமா ஊத்துறேன். உங்களுக்கு எங்க சார் வலிக்குது?”

“துருப்பிடிச்சு அசிங்கமா நிக்குது! வலப்பக்கத்தைப் பாரு, மூடி போட்டு வச்சதால ஒரு சொட்டு இறங்கல. இனிமே வேலைக்கு வராதே, போ!”

வெள்ளையம்மாள் நிறைகுடத்தோடு விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தார்.

“ரெண்டு வாயையும் தகடு வச்சு அடைச்சிடு!” என்று வெல்டர் பாலுவிடம் உறுமினார் மேனேஜர்.

ஆய்வுக்கு வந்திருந்த தொல்லியல் அதிகாரி ஜோதி, இடப்பக்கப் பீரங்கிக்குள் விட்ட நீளக் கம்பியை வெளியே இழுத்தார். நுனியில் கருஞ்சேறு.

“சார், இதுல அந்தக் காலத்துலயே வெடிமருந்து கெட்டிச்சு, சுடாம விட்டிருக்காங்க. கரியும் கந்தகமும்தான் மிச்சம். வெடியுப்பு தண்ணியில கரைஞ்சு பின்னாடி வெள்ளைப் பொடியா வடிஞ்சிருச்சு. கரையாம இருந்திருந்தா ஒரு பொறி போதும், வாசலே இருக்காது. இதோட ஜோடியிலயும் கெட்டிச்சிருப்பாங்க.”

அறிவுமதி திரும்பிப் பார்த்தார். வலப்பக்கப் பீரங்கியின் மூடியைக் கழற்றிவிட்டு, வாயில் தகட்டை வைத்து, பாலு வெல்டிங் கம்பியை நீட்டிக்கொண்டிருந்தார்.

“பாலு, நிறுத்து! வெள்ளையம்மா... தாயே... குடத்தோட ஓடி வாங்க!”