நாடி நூற்றுப் பதினெட்டு

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. நோய் விடுப்பில் இருந்தவள் நடந்தாள். அதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

கூடத்துச் சுவரிலிருந்து சமையலறை வாசல்வரை நடந்தால் பதினோர் எட்டு. திரும்பினால் மறுபடியும் பதினொன்று.

சன்னல்களைச் சாத்தியிருந்தாள். மின்விசிறி சுழன்றும் வியர்த்தது.

வியர்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவர் சொன்னது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் செவிலியாக நின்றவள் அவள். ஜூன் மாதத்தில் ஒரு நண்பகல், ஊசியும் கையுமாகக் கட்டில்களுக்கு நடுவில் நின்றபோது, அது எந்தக் கட்டிலுக்கு என்பது மறந்துபோயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்த இருவர் வேண்டியிருந்தது.

அதன்பின் உறக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. தலை வாரக் கையை உயர்த்துவதே பெரும்பாடாக இருந்தது.

மாத்திரை பாதி, நடை பாதி என்றார் மருத்துவர். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, மூச்சு வாங்கும்படி.

குளக்கரையில் நடந்தாள். முதல் நாள், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை. பத்தாம் நாள், முழுக்கரையும். அன்று நான்கு மணி நேரம் அசையாமல் உறங்கினாள்.

விழித்தபோது பசித்தது.

பன்னிரண்டாம் நாள் யாரோ அவளைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினார்.

மருத்துவமனையிலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நடக்க இயன்றவருக்குப் பணிபுரியவும் இயலும் என்றது. மருத்துவரின் சீட்டை இணைத்துப் பதில் எழுதினாள். ‘தினமும் நடக்கவும்’ என்று அவர் எழுதியிருந்த வரியின் கீழேயே சிவப்புக் கோடு இட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செவிலியர் தலைவியான மேட்ரன் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்றும் எழுதியிருந்தார்கள். தேறிவிட்டாள் என்று அவர் எழுதிவிட்டால் திங்கட்கிழமை பணிக்குத் திரும்பியாக வேண்டும்.

குறிப்பாணை வந்த நாள்முதல் நடை கூடத்துக்குள் வந்துவிட்டது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

கணவன் ஜெபசிங் சன்னல் இடுக்கில் பார்த்தான். மேட்ரன்தான் என்று கையைக் காட்டினான்.

ஷூவைக் கழற்ற நேரம் இல்லை. அப்படியே கட்டிலில் விழுந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

செசிலி மேட்ரன் ஆரஞ்சுப் பையோடு உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“நரம்பு தேடத் தெரியாத பிள்ளைகள வச்சு நான் அங்க மாரடிக்கேன். நீ இங்க முகம் தெளிச்சமாத்தானே கெடக்க?”

அவள் போர்வை விளிம்பை வாய்வரை இழுத்தாள். பேசினால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும்.

மேட்ரனின் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. முப்பத்திரண்டு ஆண்டுப் பழக்கம். யார் கட்டிலருகே உட்கார்ந்தாலும் அந்தக் கை தானாக அங்கேதான் போகும்.

கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பவர் அல்லர் அவர். முழு நிமிடம் எண்ணினார்.

மறுபடியும் எண்ணினார்.

முகம் மாறியது.

“என்ன பிள்ளே இது? படுத்த படுக்கையில நூத்திப் பதினெட்டு ஓடுது?”

சேலைத் தலைப்பால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார். எல்லாம் நடிப்பு என்று அலுவலகத்தில் ஆளாளுக்குச் சொன்னதை நம்பியதற்குத் தம்மையே கடிந்துகொண்டார். அந்தக் கடிதலில் பொய் இல்லை.

அவள் வாய் திறந்தாள்.

நடந்ததால்தான் அம்மா. இவ்வளவே சொல்ல வேண்டியது.

சொன்னால், திங்கட்கிழமை. ஊசி. எதுவென்று மறந்த கட்டில்.

வாயை மூடிக்கொண்டாள்.

மேட்ரன் தாளை எடுத்து மடியில் வைத்து எழுதினார். நிலைமை கவலைக்குரியது. ஒரு மாதம் முழுப் படுக்கை ஓய்வு தேவை. நடமாட்டம் அறவே கூடாது.

ஜெபசிங்கிடமும் கண்டிப்பாகச் சொன்னார். கழிப்பறைக்குத் தவிர இவள் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. பணி முடிந்து போகும் செவிலியரில் ஒருத்தி தினமும் காலையும் மாலையும் வந்து நாடி பார்ப்பாள். குறைகிறதா என்று தமக்குத் தெரிய வேண்டும்.

“நான் பாத்துக்கிடுதேன் மேட்ரன்” என்றான் அவன்.

ஸ்கூட்டர் போயிற்று.

அவன் சிரித்தபடி வந்தான். பிழைத்தோம் என்றான். போர்வையை விலக்கி, அவள் கால்களிலிருந்து ஷூவைக் கழற்றினான். நாளைக் காலை வருகிறவள் கண்ணில் படக் கூடாது என்று பரணில், பழைய பெட்டிக்குப் பின்னால், தள்ளிவைத்தான்.

அவள் அசையவில்லை.

தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்தாள்.

நூற்றிரண்டு.

தொண்ணூறு.

எழுபத்தாறு.

சன்னலுக்கு வெளியே பத்து மணி வெயில் முழுதாக ஏறியிருந்தது. அவளுக்குப் பசிக்கவில்லை.

படிக்கும் உங்களுள் யாரேனும் விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்திடும் நாற்காலியில் இருக்கக்கூடும். உங்கள் மேசையில் இன்றும் ஒன்று கிடக்கும். அந்த ஆள் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவர எவரையும் அனுப்பாதீர்கள். அவர் எழுந்து தெருவில் இறங்கி நடக்கட்டும்.

கையெழுத்திடுங்கள்.