கம்பளம் இல்லாத மேடை

எந்த ஊர் மதுக்கூடமானாலும், வேனிலிருந்து டிரம்களை இறக்குவதற்கு முன்பே இசைக்குழுவின் டிரம் வாசிப்பாளர் ஆர்வில் தன் பழைய கம்பளத்தை மேடையில் விரித்துவிடுவார். பார்வை மங்கிப்போன அவர், அதில் தடிமனாக ஒட்டியிருக்கும் டேப் அடையாளங்களை விரலால் தடவித்தான் ஒவ்வொரு டிரம்மையும் அதனதன் இடத்தில் நிறுத்துவார். இன்று கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணச் சிற்றூர் ஒன்றின் மேடையில், வெறும் பலகையின்மீது மண்டியிட்டிருக்கிறார். காலையில் பனியில் புதைந்த வேனைக் கிளப்ப, பாடகன் ட்ராவிஸ் அந்தக் கம்பளத்தைச் சக்கரத்தின் அடியில் திணித்தான். சுழன்ற சக்கரம் அதைக் கந்தலாக்கிவிட்டது. சாம்பல் நிற மாலை வெளிச்சம் காலி மேசைகளில் படிந்திருக்கிறது. புற்றை இழந்த எறும்புகளைப்போல அவருடைய விரல்கள் பலகையில் அலைகின்றன. பெரிய டிரம் வழுக்கி விலகுகிறது. ஓங்கிய கோல் காற்றை அடிக்கிறது.

"வேற ஆளைப் பாத்துக்கப்பா. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன்."

"அவசரத்துல கைக்குக் கெடைச்சதைப் போட்டுட்டேன், பெருசு."

"உன் கிடாரும் கைக்கிட்டதானே இருந்துச்சு?"

ட்ராவிஸ் மேடையில் ஒருநாளும் கழற்றாத தன் தோல் மேலங்கியைக் கழற்றி விரித்து, பெரிய டிரம்மை அதன்மேல் ஏற்றுகிறான். மற்றவற்றுக்காகப் பலகையில் டேப்பை மடித்து மடித்துத் தடிமனாக ஒட்டுகிறான். பிறகு கிழவரின் கையைப் பற்றி அதன்மேல் வைக்கிறான். விரல்கள் மெதுவாக ஊர்ந்து, நின்று, திரும்புகின்றன.

"கோணலா ஒட்டியிருக்கே, கழுதை."

ட்ராவிஸ் அதை உரித்து, மீண்டும் ஒட்டத் தொடங்குகிறான்.