கண்ணாடிப் பற்றறி

முத்துக்குமாரு தன் கடையிலிருந்த கண்ணாடிப் பற்றறியைத் துடைக்கத் தொடங்கினால் போதும், எதிர்க்கடை நமசிவாயத்துக்கு வயிறு எரியும்.

துடைப்பது என்னவோ ஆறு கண்ணாடிச் சாடிகளைத்தான். உள்ளே ஈயத் தகடுகள். ஊற்றவேண்டிய அமிலம், அசிற், கிடையாது. ஒரு காலத்தில் தந்திக் கந்தோரில் டெலிபோனுக்கு உயிர் கொடுத்த பற்றறி அது.

உரும்பிராய்ச் சந்தியில் இரண்டு பேருமே வயறிங் வேலைக்காரர். சண்டையில் கறன்ற் போய் இரண்டு வருடம். கொழும்பிலிருந்து பற்றறி வரவும் தடை. ஊரே செத்த ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்துக்கொண்டும், றேடியோ கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றிக்கொண்டும் இருந்தது. வேலையில்லாத இருவரும் பின்னேரங்களில் பழைய சாமான்களைப் பற்றிக் கதைப்பார்கள். பீங்கான் பியூஸ், மரப்பட்டிக்குள் ஓடிய வயர், கைப்பிடியைச் சுற்றிவிட்டுத் தொட்டால் ஆளைத் தூக்கியெறியும், வயர் சோதிக்கிற மெகர். அதுகள் எல்லோ சாமான் என்பார் ஒருவர். இப்ப வாறதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பார் மற்றவர்.

கதை கண்ணாடிப் பற்றறிக்கு வந்ததும் நமசிவாயம் எழும்பிவிடுவார்.

காரணம் இருந்தது. தந்திக் கந்தோரில் அதைக் கழித்து வெளியே வைத்தபோது முதலில் கண்டவர் அவர்தான். ஏற்றுவதற்கு வண்டில் பிடிக்கப் போனார். வண்டிலோடு திரும்பி வந்தால், முத்துக்குமாரு அதைத் தன் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"கண்டது நான். கொண்டுபோனது உவன்" என்று மனைவி மீனாம்பிகையிடம் அவர் சொல்லாத நாள் இல்லை.

"அதை விடுங்கோவன். கட்டியிருக்கிற சாரத்தைப் பாருங்கோ, திரும்பவும் ஓட்டை."

"சுருட்டு நெருப்பு விழுந்திட்டுது."

கடையடியிலும் அதையேதான் சொல்லுவார். சுருட்டு நெருப்புமில்லை, ஒன்றுமில்லை. வீட்டின் பின்னால், கோடிப்புறக் கொட்டிலில், சாக்குக்குக் கீழே, ஒரு பெரிய சாடி நிறைய அசிற் ஒளித்து வைத்திருந்தார். தடை வருமுன் வாங்கியது. என்றாவது அந்தப் பற்றறி தன் கைக்கு வரும், அப்போது ஊற்றலாம் என்று ஓர் ஆசை. பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்த்ததில் தெறித்த துளிகளால்தான் சாரத்துக்கு அந்தச் சேதம்.

ஒருநாள் மருத்துவிச்சி அற்புதராணி முத்துக்குமாருவின் கடைக்கு வந்தார். தன் வீட்டு அறையிலேயே பிள்ளைப்பேறு பார்ப்பவர். முதல்நாள் பிரசவத்தில் ஜாம் போத்தல் விளக்கு காற்றுக்கு நூர்ந்துபோய், தாய்க்குத் தையல் போட வெளிச்சமில்லாமல் தவித்ததைச் சொன்னார். இந்தப் பற்றறியில் ஒரு கார் பல்ப் எரியாதா என்று கேட்டார்.

முத்துக்குமாரு அவரையும் கூட்டிக்கொண்டு வீதியைக் கடந்து நமசிவாயத்திடம் வந்தார்.

"அண்ணை, டைனமோ பூட்டிச் சார்ஜ் போடத் தோட்டக்கார மார்க்கண்டற்றை தண்ணியிறைக்கிற மெசினைக் கேட்டிருக்கிறன். அசிற்தான் இல்லை. உங்களிட்டைக் கொஞ்சம் இருக்குமோ?"

அறையில் வெளிச்சம் எரியும். பிறக்கிற பிள்ளையெல்லாம் முத்துக்குமாருவின் லைற்றில் பிறந்த பிள்ளை என்று ஊர் சொல்லும். நமசிவாயத்தால் அதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

"என்னட்டை ஒரு சொட்டும் இல்லை."

முத்துக்குமாரு தலையைக் குனிந்து கீழே பார்த்தார். பிறகு அற்புதராணியைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

நமசிவாயம் அதோடு விடவில்லை. பொம்பிளையள் இருட்டிலே பிள்ளை பெறுகிறார்கள், இவன் பற்றறியை அலங்காரத்துக்கு வைத்துத் துடைக்கிறான் என்று தேத்தண்ணிக்கடையிலும் கோயிலடியிலும் சொல்லித் திரிந்தார். ஊரும் நம்பியது. சிலர் முத்துக்குமாருவோடு முகம் கொடுத்துக் கதைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த கிழமை பார்த்தால், முத்துக்குமாருவின் கடையில் பற்றறியைக் காணவில்லை. கடையும் பூட்டு.

நமசிவாயத்துக்கு உடனே விளங்கிவிட்டது. குருநகர்ப் பக்கம் மீன்வலைக்குக் கட்ட ஈயம் தேடி அலைகிறார்கள். தகட்டைக் கழற்றி விற்றுவிட்டான். கோபம் ஒருபக்கம், இனி ஊரில் அவன் தலைகாட்ட முடியாது என்ற சந்தோஷம் ஒருபக்கம். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவிச்சி வீட்டுக்குப் போனார்.

விறாந்தையில் ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். வலி தொடங்கிவிட்டது போல.

"மிஸி, உவன் செய்த வேலையைப் பாத்தியளோ..." என்றபடி அறை வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரோரமாய்ப் போட்டிருந்த வாங்கில் ஆறு கண்ணாடிச் சாடிகளும் பளபளவென்று இருந்தன. மேலே கூரை வளையில் ஒரு கார் பல்ப்.

"வாங்கோ அண்ணை, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் அற்புதராணி. "முத்துக்குமாரு அண்ணை கொண்டந்து வைச்சவர். இது உங்கடை பற்றறியாமே. முதல் கண்டது நீங்களாம். இவ்வளவு காலமும் தான் பாத்து வைச்சிருந்ததுதானாம். நமசிவாயத்தாற்றை லைற் எண்டே எல்லாருக்கும் சொல்லச் சொல்லிப்போட்டுப் போறார்."

நமசிவாயம் கிட்டப்போய்ச் சாடிகளுக்குள் பார்த்தார்.

"அசிற்றுக்கு... என்ன செய்யப்போறானாம்?"

"அது உங்களிட்டை இருக்காம். நீங்கள் மறந்திருப்பியளாம். சுருட்டு நெருப்பு சாரத்திலை உப்பிடிப் பொத்தாதாம், தொழில் தெரிஞ்சவனுக்குத் தெரியுமாம்."

நமசிவாயம் சாரத்தின் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டார்.

"கெதியாய் எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை, பொழுது படப்போகுது" என்றார் அற்புதராணி. "வண்டில் பிடிக்க அலைய வேண்டாமாம். தன்ரை வண்டிலோடை உங்கடை வீட்டு வாசலிலை நிப்பாராம்."