பாலம் வரைக்கும்தான்

ஊராட்சித் தலைவர் இருதயசாமியைத் தோளில் போட்டுக்கொண்டு பூண்டு வயல் வழியாக ஆக்னல் ஓடினான். தலைவரின் தோள்பட்டையில் அரிவாள் வெட்டு ஆழமாக இறங்கியிருந்தது. ஆக்னலின் முதுகெல்லாம் ரத்தம் வழிந்தது.

ஊராட்சி ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"வண்டிய இங்கிட்டு கொண்டாங்க!" என்று கத்தினான்.

"ஏலாதுங்க. பாலத்தோட எங்க வண்டி எல்லை முடிஞ்சிருச்சு. தாண்டுனா என் வேலை போயிரும்," என்றார் ஓட்டுநர் ஞானவேல்.

ஆக்னல் சுமந்தபடியே பாலத்தைக் கடந்து, தலைவரை வண்டியில் கிடத்தினான். முகத்தைப் பார்த்த ஞானவேல் பதறினார்.

"ஐயோ, நம்ம தலைவரு! இந்த எல்லையப் போட்டதே இவருதானே? எந்தப் பாவி வெட்டுனான்?"

"நான்தாங்க."

ஞானவேல் பின்வாங்கினார்.

"முந்தாநாளு என் மக ஜெனியக் காட்டுமாடு முட்டிருச்சு. அன்னிக்கு வந்த டிரைவரும் பாலத்தத் தாண்டலை. தூக்கிட்டு ஓடியாறதுக்குள்ள என் தோள்லயே செத்துட்டா. இன்னிக்கு இவரு துக்கம் கேக்க வந்தாரு. வெட்டிட்டேன்."

"அப்புறம் எதுக்குய்யா தூக்கிட்டு வந்த?"

"எங்க பக்கம் இன்னும் நாப்பது பிள்ளைக இருக்குங்க. இவரு உசுரோட இருந்தாத்தானே எல்லைய மாத்திக் கையெழுத்துப் போட முடியும்? வெரசா எடுங்க!"