இருநூற்றுப் பத்தாம் நாள்

ஆமை திரைக்கு முன்னால் போய் நின்றதும் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கட்டுமானத் திட்டமிடல் பாடத்தில் நான் கொடுக்கும் கட்டடத்தை எல்லோரும் கணினியில் இருநூற்றுப் பத்து நாளில் கட்டி முடிப்பார்கள். இவளுக்கு மட்டும் இருநூற்று இருபத்து நான்கு.

இரண்டு முறை அதற்காகவே பெயிலாக்கினேன். இரண்டு முறையும் அதே பதினான்கு நாளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கூடவே காரணம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். விடையே தப்பு என்றான பிறகு காரணத்தை யார் படிப்பது?

இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. இன்றும் தவறினால் பட்டம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இருநூற்றுப் பத்து என்னுடைய கணக்கு. பதினைந்து வருடமாக அதில் ஒருவரும் கை வைத்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

அதற்குச் சாட்சி வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கும் புகைப்படம். என் முதல் பேட்ச் மாணவன் ஒருவன் என் அட்டவணையை அப்படியே வைத்துக் கட்டிய கட்டடம். நான்கு பக்கமும் ஆறு மாடி. நடுவில் முற்றம். முற்றத்தில் கொடி படர்ந்து நிற்கும் மஞ்சள் இரும்புத் தூண். அது என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு அலங்காரம் என்றான். பொறியாளனுக்கும் கலைக்கண் வேண்டும் என்று ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அதைக் காட்டிச் சொல்லி வருகிறேன்.

அந்த மாணவன்தான் இன்று வெளித்தேர்வாளர். பெரிய கட்டுமான நிறுவனத்தின் முதலாளி. இனி 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். வந்ததும் வராததுமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, புகைப்படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். காலையிலிருந்து நான்கு பேருடைய மாடலைப் பார்த்தார். நான்கும் இருநூற்றுப் பத்து. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆமை மௌஸைப் பிடித்தாள். அவள் தன் மாடலை ஓட்டவில்லை. என்னுடையதை ஓட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது.

திரையில் நாட்கள் ஓடின. அஸ்திவாரம் முடிந்தது. நடுவில் டவர் கிரேன் தூண்போல நிமிர்ந்து நின்று, உச்சியிலிருந்த நீண்ட கையைச் சுழற்றியது. அதைச் சுற்றித் தூண்கள், தளங்கள், சுவர்கள். இருநூற்றுப் பத்தாம் நாள் கடைசிப் பக்கமும் மூடியது. கீழே பச்சை எழுத்தில் நூறு சதவீதம்.

அங்கே நிறுத்தினாள்.

"மேடம், கட்டடம் முடிஞ்சிருச்சு. நடுவுல நிக்கிற கிரேன் எந்த வழியா வெளிய போகும்?"

வகுப்பே திரையை எட்டிப் பார்த்தது.

வெளியிலிருந்து இன்னும் பெரிய கிரேனை வைத்துத் தூக்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கட்டடத்தை ஒட்டிய சாலையின் அகலத்தைத் திரையில் காட்டினாள். அவ்வளவு பெரிய வண்டி நிற்க அங்கே இடமில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு தன் மாடலை ஓட்டினாள். வடக்குப் பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் கட்டாமல் விட்டிருந்தாள். அந்த வழியாக லாரி கிரேன் உள்ளே வந்தது. டவர் கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு இடைவெளி மூடியது. பதினான்கு நாள். அதில் ஒரு நாள்கூட வீணில்லை.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அடுத்த நொடி வகுப்பே மேசையைத் தட்டியது. நானும் தட்டினேன். இரண்டு முறை அவளைப் பெயிலாக்கிய கை இதுதான் என்பது தட்டும்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்தது. என் கணக்கை என் மாணவியே கவிழ்த்துவிட்டாள்!

தேர்வாளர் என்னைக் கலந்துகொள்ளவே இல்லை. மதிப்பெண் தாளை இழுத்து நூற்றுக்கு நூறு போட்டுக் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை தன் அலுவலகத்துக்கு வந்துவிடச் சொன்னார், வேலைக்கு. ஆமை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

இதை எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். முதல் வகுப்பிலேயே என்றாள். முதல் வகுப்பில் நான் எந்த மாடலையும் காட்டுவதில்லையே என்றேன்.

அவள் திரும்பினாள். சுவரில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். பிறகு, சொல்லலாமா என்று கேட்பதுபோலத் தேர்வாளரைப் பார்த்தாள்.

அவர் நாற்காலியை மெல்லத் திருப்பினார். மஞ்சள் தூணை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தார்.

"மேல இருந்த கையை மட்டுந்தான் அறுத்து எடுக்க முடிஞ்சுது மேடம். மிச்சத்துக்குப் பத்து வருஷமா பெயிண்ட் அடிச்சுட்டு இருக்கேன்."